கடவூர் மலை ஓரத்துல 4 ஏக்கர்: சென்னைய விட்டு வந்த மூணு பேரோட ஆறு வருஷம்

இத எழுதுறதுக்கு காரணம் ஒண்ணுதான். வருஷா வருஷம் இந்தப் பக்கம் நிலம் தேடி வர்ற சின்ன வயசுப் பசங்க எல்லாரும் கேக்குற கேள்வி ஒரே மாதிரி இருக்கு, மண்ணு எப்படி, ஏக்கர் என்ன விலை, என்ன மரம் வைக்கலாம். பக்கத்துக் காட்டுல யாரு இருக்காங்கன்னு, கேக்க வேண்டிய அந்தக் கேள்விய யாரும் கேக்குறதில்ல. அதனால ஒரு குடும்பத்துக்கு முதல்ல இருந்து இப்ப வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு அவங்க சம்மதத்தோடயே எழுதுறேன். பேரு, ஊரு, சர்வே நம்பர் எதுவும் கிடையாது, திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் பக்கம்னு மட்டும் வச்சுக்குங்க. நான் அவங்களுக்கு கூப்பிடு தூரத்துல விவசாயம் பாக்குறவன், சில பேச்சுவார்த்தைல கூட உக்காந்திருந்தேன், அவ்வளவுதான் என் பங்கு.

பின்னணி

மூணு பேரு. கல்யாணமான ஒரு ஜோடி, அந்தப் பொண்ணுக்கு 29, பையனுக்கு 30, ரெண்டு பேரும் ஓஎம்ஆர்ல சாஃப்ட்வேர் வேலை. கூட அந்தப் பையனோட காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தன், 28 வயசு, கல்யாணம் ஆகல. மூணு பேரு வீட்லயும் தாத்தா காலத்துக்கு அப்புறம் யாரும் ஏர் பிடிச்சதில்ல.

2019 கோடை ஞாபகம் இருக்கும். புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் எல்லாம் கிட்டத்தட்ட தரை தெரியுது, ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்க, ஓஎம்ஆர் கம்பெனிங்க சிலது தண்ணி இல்லாம ஆளுங்கள வீட்ல இருந்தே வேலை பாருங்கன்னு சொல்லுச்சு. இவங்க அபார்ட்மெண்ட்ல டேங்கர் லாரி வர்ற நேரத்துக்கு அலாரம் வச்சு எந்திரிச்சிருக்காங்க. ஏற்கனவே வார கடைசில இயற்கை விவசாயப் பயிற்சி, மரபு விதைத் திருவிழான்னு போய்ட்டு இருந்தவங்கதான், அந்தக் கோடைதான் முடிவெடுக்க வச்சுது. இந்தப் பக்கத்த தேர்ந்தெடுத்ததுக்கு காரணம் இயற்கை விவசாயத்த பரப்புன நம்மாழ்வார் ஐயா. 2013 டிசம்பர் கடைசில அவரு இறந்தப்ப கடவூர் சுருமான்பட்டில அவரு உருவாக்குன இடத்துலதான் அடக்கம் பண்ணாங்க, அதுக்கப்புறம் இந்த மலையச் சுத்தி நிலம் பாக்க வர்றவங்க எண்ணிக்கை கூடிருச்சு.

அவங்க கனவு ரொம்ப எளிமையானது, எனக்கு அதுல எந்தக் கிண்டலும் இல்ல. மண் வீடு, தேவையான அரிசி பருப்ப தாங்களே விளைய வைக்கணும், மாசச் செலவு பத்தாயிரத்துக்குள்ள, பக்கத்துல மனுஷ சத்தமே இருக்கக் கூடாது. இந்தக் கடைசி ஆசைய மட்டும் நினைவுல வச்சுக்குங்க.

நிலம் வாங்குனது: 2019 ஆகஸ்ட்ல இருந்து நவம்பர் வரைக்கும்

தமிழ்நாட்டுல விவசாயம் பண்ணாதவங்களும் விவசாய நிலம் வாங்கலாம், தடையில்ல. புரோக்கர் காட்டுன மூணாவது இடமே புடிச்சுப் போச்சு. 4 ஏக்கர் 10 சென்ட், செவக்காடு, பின்னாடி மலை, ஊருல இருந்து ஒண்ணே கால் கிலோமீட்டர். ஏக்கர் ஆறரை லட்சம், ஆக 26 லட்சத்து 65 ஆயிரம். அப்ப பத்திரச் செலவு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ரெண்டும் சேத்து வழிகாட்டி மதிப்புல 11 சதவீதம். அதோட புரோக்கர் கமிஷன். மொத்தம் கையில இருந்தது 34 லட்சம், அதுல ஜோடியோடது 24, ஃப்ரெண்டோடது 10.

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, 30 வருஷ வில்லங்கம் எல்லாம் பாத்தாங்க. அதுல குறை இல்ல. ஆனா மூலப்பத்திரத்துல ரெண்டு வரி இருந்துச்சு. ஒண்ணு, "கிணற்றில் பொதுவில் மூன்றில் ஒரு பாகமும்". ரெண்டாவது, "மாமூல் வண்டிப்பாதையில் போக வர உள்ள பாத்தியமும்". இந்த ரெண்டையும் வழக்கமான எழுத்துன்னு நெனச்சு தாண்டிப் போய்ட்டாங்க. அந்தக் கிணத்துல மிச்ச ரெண்டு பாகம் பக்கத்துக் காட்டுக்கார அண்ணன் தம்பிகளோடது, மோட்டார் கரண்ட் சர்வீஸ் அவங்க இறந்து போன அப்பா பேருல இருக்கு, முறை வச்சு மூணு நாளைக்கு ஒரு தடவைதான் இவங்களுக்குத் தண்ணி. மாமூல் பாதைங்கறது அந்த அண்ணன்காரரு நிலத்து வழியா முந்நூறு அடிக்கு போகுது, சர்வே வரைபடமான புலப்படத்துல அப்படி ஒரு பாதையே கிடையாது. காலங்காலமா மாட்டு வண்டி போச்சு, யாரும் தடுக்கல, அதான் பாதை.

இன்னொண்ணு, பத்திரம் அந்தப் பொண்ணு பேருல மட்டும் பதிவாச்சு. ஃப்ரெண்டோட பங்குக்கு 20 ரூபா பத்திரத்துல ஒரு ஒப்பந்தம், பதிவு பண்ணாதது. மூணு பேரு பேரும் போட்டா கூட்டுப் பட்டா சிக்கல் வரும்னு புரோக்கர் சொன்னாராம். சிக்கல் வராம இருக்கத்தான் அத செஞ்சாங்க.

போர் போட்டது: 2020 பிப்ரவரி

ஃப்ரெண்டும் பையனும் வேலைய விட்டாச்சு, பொண்ணு மட்டும் வேலைல இருந்தா. கிணத்து முறை மூணு நாளைக்கு ஒருக்கான்னு தெரிஞ்சதும் இவங்களுக்கு அது ஒத்து வரல, நமக்குன்னு தனியா தண்ணி வேணும்னு போர் போட முடிவு பண்ணாங்க. தேங்கா வச்சு நீரோட்டம் பாக்குறவரு ஒரு இடம் காட்டுனாரு, அது கிணத்துக்கு எழுபது எம்பது அடி தூரம் கூட இல்ல. திருச்செங்கோட்டு போர் வண்டி வந்து 820 அடி இறக்குச்சு, ஒரு இஞ்ச் தண்ணி. போரோட மேல் பகுதி சரியாம இருக்க இறக்குற கேசிங் பைப்ப 20 அடியோட நிறுத்திட்டாங்க, ஏன்னா அதுக்குக் கீழ பாறை தட்டிருச்சுன்னு ரிக் ஆளுங்க சொன்னாங்க.

இங்கதான் விஷயம் இருக்கு. நம்ம பக்கம் பாறைப் பூமி, கிணத்துக்குத் தண்ணி வர்றது மேல இருக்குற நாப்பது அம்பது அடி மக்குப் பாறை இடுக்குல இருந்து. கேசிங் கம்மியா இருந்தா அந்த மேல் ஊத்து போருக்குள்ள ஒழுகிப் போகும். அமைதியான நேரத்துல போர் வாயில காத வச்சுக் கேட்டா உள்ள தண்ணி சொட்டுற சத்தம் கேக்கும், அந்தப் போர்ல தெளிவாவே கேட்டுச்சு. அந்தச் சொட்டு பக்கத்துக் கிணத்தோட தண்ணி.

இலவச விவசாய கரண்டுக்கு பதிவு பண்ணா வருஷக்கணக்கா காத்திருக்கணும், காசு கட்டி சீக்கிரம் வாங்குற தட்கல்ல அப்ப 5 எச்பிக்கு ரெண்டரை லட்சம் கட்டணும். அதுக்குப் பதிலா சொந்தக் காசுல சோலார் பம்ப் போட்டாங்க, மூணு லட்சத்த நெருங்குச்சு. சுற்றுச்சூழலுக்கு நல்லது, பில் இல்லைன்னு. பில் இல்லாததுதான் பிரச்சனையாவும் ஆச்சு, வெயில் இருக்குற வரைக்கும் பம்ப் ஓடிக்கிட்டே இருக்கும், பக்கத்துக் காட்டுல முறைத் தண்ணிக்கு காத்திருக்குற ஆள் அத தினமும் பாத்துக்கிட்டு இருப்பாரு.

மார்ச் நடுவுல மூணு பேரும் சாமானோட வந்து சேந்தாங்க, அடுத்த வாரம் ஊரடங்கு. காட்டுலயே தகர ஷெட்டு போட்டுத் தங்குனாங்க. சென்னைல மாட்டிக்கிட்டவங்கள நெனச்சா எங்களுக்கு சொர்க்கம்னு அப்ப சொன்னது உண்மைதான், அந்த நாலு மாசம் அவங்க சந்தோஷமா இருந்தத நானே பாத்தேன்.

முதல் வெள்ளாமை: 2020 ஆடியில இருந்து தை வரைக்கும்

ஆடிப்பட்டத்துல ரெண்டு ஏக்கர் கடலை. ரசாயனம் கிடையாது, ஜீவாமிர்தம், மீன் அமிலம், பஞ்சகவ்யம் எல்லாம் கைப்பட தயாரிச்சாங்க, பயிர் நல்லாத்தான் வந்துச்சு. களை எடுக்க ஆள் கிடைக்கல. வேடசந்தூர் பக்கம் நூல் மில்லுங்க வேன் வச்சு ஊர் ஊரா பொம்பளைங்கள கூட்டிட்டுப் போகுது, மிச்சம் இருக்குறவங்க நூறு நாள் வேலைக்குப் போவாங்க, அதுக்கப்புறமும் வர்ற ஆளுங்க முதல்ல சொந்தக்காரங்க காட்டுக்கும் மாத்தாள் முறைல கடன் பட்ட காட்டுக்கும்தான் போவாங்க. மாத்தாள்னா நீ என் காட்டுக்கு ஒரு நாள் வா, நான் உன் காட்டுக்கு ஒரு நாள் வரேன்னு இருக்குற முறை. இவங்க யாரு காட்டுக்கும் போனதில்ல, அதனால இவங்களுக்கு வர யாருக்கும் கடன் இல்ல. கூலிய நூறு ரூபா கூட்டிக் குடுத்துப் பாத்தாங்க, அதுல பக்கத்துக் காட்டுக்காரங்களுக்கு இன்னொரு கோபம், இவங்க வந்து கூலிய ஏத்தி விட்டுட்டாங்கன்னு.

காய் பிடிக்கிற நேரத்துல காட்டுப்பன்னி இறங்குச்சு. ராத்திரி பன்னி, பகல்ல மயிலு. காவலுக்கு ஃப்ரெண்டு பரண்ல படுத்தான், ஒத்த ஆள் என்ன பண்ண முடியும். ஊர்க்காரங்க நாலஞ்சு காடு சேந்து முறை வச்சு ராக்காவல் இருப்பாங்க, இவங்க காடு அந்தச் சுத்துக்குள்ளயே வரல.

24 மூட்டை வரும்னு கணக்குப் போட்டது 7 மூட்டைல நின்னுச்சு. மூட்டை 40 கிலோ. செலவு மட்டும் 46 ஆயிரம், அவங்க உழைப்ப சேக்காம. அந்த வருஷம் கடலைக்கு ஆதார விலை குவிண்டால் 5,275, அப்படிப் பாத்தா 280 கிலோவுக்கு 15 ஆயிரம் கூட வராது. மரச்செக்குல ஆட்டி எண்ணெயா வித்தா லாபம்னு ஆட்டுனாங்க, உடைச்சா பருப்பு இருநூறு கிலோவுக்கு கொஞ்சம் கம்மி, லிட்டருக்கு ரெண்டரை கிலோ பருப்பு போகும், எழுபத்தஞ்சு லிட்டர் சொச்சம் வந்துச்சு. சென்னை நண்பர்கள் 280 ரூபா போட்டு வாங்குனாங்க. ஆட்டு கூலி, பாட்டில், கூரியர் போக மிஞ்சுனது மூட்டையா வித்திருந்தா வர்றதுக்கு சமம், பாட்டில் ஒழுகி ரெண்டு பார்சல் திரும்பி வந்தது தனி.

வீடும் இதே நேரத்துல. மண்ணு, வைக்கோல், சுண்ணாம்பு, கடுக்காய் வச்சு சுவர் எழுப்பிக்கிட்டு இருந்தாங்க, வீடியோ பாத்தும் ஒரு பயிற்சிக்குப் போய் வந்தும். ஊர்ல மண் சுவர் வைக்கத் தெரிஞ்ச பெரியவங்க ரெண்டு பேரு உயிரோட இருக்காங்க, அவங்கள கேக்கவே இல்ல. இந்த ஊர்ல மாசி பங்குனிலதான் சுவர் வைப்பாங்க, கூரை ஏத்துன அப்புறம்தான் மழை வரணும். இவங்க ஐப்பசில ஆரம்பிச்சாங்க. 2021 ஜனவரில வழக்கத்துக்கு மாறா அடிச்ச மழை ஞாபகம் இருக்கா, டெல்டால அறுவடைக்கு நின்ன நெல்லெல்லாம் சாஞ்சுதே, அந்த மழைல மேற்குச் சுவர் உக்காந்துருச்சு. யாருக்கும் அடி படல. அதுவரைக்கும் வீட்டுக்குப் போட்டது ஒண்ணே முக்கால் லட்சம்.

பாதை அடைபட்டது: 2021 மே

மழை பெஞ்சும் ஏப்ரல்ல கிணத்துல தண்ணி சட்டுனு இறங்குச்சு. பக்கத்துக் காட்டு அண்ணன்காரரு நேரா வந்து போர நிறுத்துங்கன்னு சொல்லல, அது அந்த ஊரு வழக்கம் இல்ல. டீக்கடைல நாலு பேரு கேக்கச் சொன்னாரு, கோயில் மேடைல சொன்னாரு. இவங்க டீக்கடைக்கும் போறதில்ல, கோயிலுக்கும் போறதில்ல, மனுஷ சத்தம் வேணாம்னுதானே வந்தாங்க. சேதி போய்ச் சேரவே இல்ல. மே மாசம் ஒரு நாள் காலைல பாத்தா பாதைக்கு குறுக்க முள் கட்டி, ரெண்டு கல் நட்டு, கம்பி இழுத்திருக்கு.

அப்ப கொரோனா ரெண்டாவது அலை. அதே வாரம் ஃப்ரெண்டுக்கு காய்ச்சல் ஏறி மூச்சு வாங்குச்சு, 108 வண்டி கம்பிக்கு வெளியவே நின்னுச்சு, அவன வரப்பு வழியா பைக்குல நடுவுல உக்கார வச்சுக் கொண்டு போனாங்க. திண்டுக்கல் ஆஸ்பத்திரில இருந்து தேறி வந்தான், ஆனா காட்டுக்குத் திரும்பல. ஜூன்ல சொல்லிட்டான், நான் கிளம்புறேன், என் 10 லட்சத்தக் குடுங்கன்னு. இவங்ககிட்ட அப்ப ஒண்ணரை லட்சம் கூட இல்ல.

என்ன வழின்னு யோசிச்சது

நான் உள்ள வந்தது இங்க. அவங்க முன்னாடி மூணு வழி இருந்துச்சு.

கோர்ட்டு. வக்கீல் ஒருத்தரு பத்திரத்தப் பாத்துட்டு நல்ல கேஸ்தான்னாரு, 1882 வசதியுரிமைச் சட்டத்துல வேற வழியே இல்லாத நிலத்துக்கு அவசியப் பாதை உரிமை இருக்கு, பத்திரத்துலயும் வரி இருக்கு, ஜெயிக்கலாம்னு. எத்தனை வருஷம்னு கேட்டதுக்கு அவரு சிரிச்சாரு. ரெண்டாவது, ஸ்டேஷன்ல மனு. அது கம்பிய ஒரு மாசத்துக்கு எடுக்க வைக்கும், ஊர ஆயுசுக்கும் எதிரியாக்கும். மூணாவது, வித்துட்டுப் போறது. பாதை இல்லாத நிலத்த பாதி விலைக்குத்தான் கேப்பாங்க.

பொண்ணுதான் நாலாவதா ஒண்ணு சொன்னா. "அண்ணே, நாங்க ஊருக்குள்ள வந்து வீடு எடுத்து இருக்கோம். சண்டைய அப்புறம் பாத்துக்கலாம்." அவ புருஷனுக்கு அது தோத்துப் போன மாதிரி பட்டுச்சு. எனக்கு அதுதான் சரின்னு தோணுச்சு, ஏன்னா அண்ணன்காரரு பேசுன பாஷை அவங்க காதுல விழணும்னா அவங்க விழுற தூரத்துல இருக்கணும்.

வீடு கிடைக்கிறது சுலபமா இல்ல. முதல் கேள்வியே "நீங்க என்ன ஆளுங்க"ங்கறது. ரெண்டு பேரும் வேற வேற சாதி, அத மறைக்கல. முதல்ல பேசுன வீட்டுக்காரரு அட்வான்ஸ திருப்பிக் குடுத்துட்டாரு. கிராமம்னாலே அன்பும் எளிமையும்னு நெனச்சு வர்றவங்களுக்கு இத யாரும் சொல்றதில்ல, எந்தத் தெருவுல வீடு கிடைக்கும்ங்கறத இன்னைக்கும் சாதிதான் முடிவு பண்ணுது, உள்ளூர்ல இருக்குற எனக்கே சொல்ல வெக்கமா இருக்கு. கடைசில மகன் திருப்பூர்ல இருக்குற ஒரு அம்மா, தனியா இருந்தவங்க, "எனக்கும் ஆளாச்சு, வாங்கத்தா"ன்னு பக்கத்து ஓட்டு வீட்ட 1,500 ரூபா வாடகைக்கு விட்டாங்க. 2021 ஜூலை.

ஊருக்குள்ள வந்த அப்புறம்

பெரிய திருப்பம்னு எதுவும் இல்ல, சின்னச் சின்னதா மாறுச்சு. அந்தம்மா கூட சேந்து பொண்ணு மாத்தாளுக்குப் போக ஆரம்பிச்சா, லேப்டாப் வேலை மதியத்துக்கு மேலதான், காலைல களை எடுக்கப் போவா. வேகம் இல்லைன்னு கிண்டல் பண்ணாலும் கணக்குல ஒரு ஆளா எடுத்துக்கிட்டாங்க. பையன் முதியோர் பென்ஷன் அப்ளிகேஷன், பயிர் இன்சூரன்ஸ், பட்டா மாறுதல் எல்லாம் ஆன்லைன்ல போட்டுக் குடுத்தான், காசு வாங்கல. கல்யாணம், காதுகுத்துன்னு மொய் எழுதுனாங்க. மொய்யெல்லாம் வீண்செலவுன்னு வந்த புதுசுல சொன்னவங்கதான்.

அக்டோபர் நவம்பர்ல நல்ல மழை. கிணறு நிரம்பி கைக்கு எட்டுற அளவுக்கு வந்துச்சு. தண்ணி இருக்குறப்ப தண்ணியப் பத்திப் பேசுறது சுலபம், கோடைல ஆரம்பிச்சிருந்தா அது பேச்சா இருந்திருக்காது. வீட்டுக்கார அம்மாவுக்கு அந்த அண்ணன்காரரு தூரத்துச் சொந்தம், அவங்கதான் கூப்பிட்டு விட்டாங்க, ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேரு, நானு, திண்ணையில உக்காந்தோம். அவரு முதல்ல சொன்னது: "தம்பி, பாதை எனக்கு பெருசில்ல. என் கிணத்த உறிஞ்சுறியே, அதக் கேக்க வந்தா வீட்ல யாரும் இல்ல, காட்டுக்கு வந்தா காதுல ஒயர மாட்டிக்கிட்டு இருக்க." அந்தப் பேச்சு முடிய ராத்திரி ஒன்பது ஆச்சு.

முடிவானது இது. சித்திரைல இருந்து ஆடி வரைக்கும் போர்த் தண்ணி குடிக்கவும் ஆடு மாட்டுக்கும் மட்டும், வெள்ளாமைக்கு கிணத்து முறைதான். போருக்குள்ள சின்ன பைப்பு ஒண்ண நூறு அடிக்கு இறக்கி இடைவெளிய அடைச்சு மேல் ஊத்து ஒழுகாம பண்றது, செலவு இவங்களோடது. பாதைக்கு வாய்மொழி வேணாம், 12 அடி அகலத்துல முந்நூறு அடி நீளத்துக்கு அளந்து, 8 சென்ட் சொச்சம், பத்திரமே போட்டுடுறது. ஃப்ரெண்டோட பங்குக்கு ஈடா 1 ஏக்கர் 20 சென்ட, அண்ணன்காரரு நிலத்த ஒட்டுன பக்கமா, அவரே வாங்கிக்கிறது.

2022 பிப்ரவரில சர்வேயர் வந்து உட்பிரிவு பண்ணாரு, மார்ச்ல பதிவு. ஏக்கர் அதே ஆறரை லட்சம்னு போட்டு 7 லட்சத்து 80 ஆயிரம் ஃப்ரெண்டுக்குப் போச்சு, அதுல பாதை நிலத்துக்கான காச அண்ணன்காரரு கழிச்சுக்கிட்டாரு, அத ஜோடி தன் கையில இருந்து அவனுக்குக் குடுத்துச்சு. அவன் போட்டது 10 லட்சம், ரெண்டு வருஷ உழைப்பு வேற. அவனுக்கு நியாயம் கிடைச்சதான்னா முழுசா இல்லைன்னுதான் சொல்வேன். பதிவு பண்ணாத காகிதத்த வச்சு அவன் இந்த அளவு கேட்டு வாங்குறதும் கஷ்டம்தான், அது வேற விஷயம். இப்ப அவங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்ல.

அந்த வருஷம் மாரியம்மன் சாட்டுதல் திருவிழாவுக்கு, ஊர்க் குடும்பங்ககிட்ட வாங்குற தலைக்கட்டு வரிய இவங்ககிட்டயும் கேட்டு வந்தாங்க, ரெண்டாயிரம். வெளியூர்க்காரங்ககிட்ட நன்கொடைதான் கேப்பாங்க, வரி கேக்க மாட்டாங்க. எல்லாரும் இத ஒத்துக்கல, ஒரு தெரு முணுமுணுத்துச்சு, இன்னும் முணுமுணுக்குது.

வருமானம்

கம்பெனி 2022 நடுவுல ஆஃபீசுக்கு வரச் சொல்லுச்சு. பொண்ணு வேலைய விட்டுட்டு வெளியில இருந்து பகுதி நேரமா எடுத்துப் பண்றா, சம்பளம் பழசுல மூணுல ஒரு பங்கு. பையன் வாரத்துல மூணு நாள் ஒரு நூல் மில்லுல கணக்கு கம்ப்யூட்டர் பாக்கப் போறான், எந்த மில்லு ஆள இழுக்குதுன்னு திட்டுனானோ அதே மாதிரி ஒரு மில்லு. 2023ல குழந்தை பொறந்துச்சு.

நிலம் இப்ப 2 ஏக்கர் 90 சென்ட். கடலை அறுபது சென்ட்ல மட்டும், சுத்தி வேலி போட்டு. அரை ஏக்கர் முருங்கை, கொஞ்சம் சோளத்தட்டு, மிச்சம் மேய்ச்சலுக்கு விட்டாச்சு. அஞ்சு வெள்ளாடுல ஆரம்பிச்சு 14 நிக்குது, தீபாவளிக்கு முந்தி அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைல கிடா விக்கிறதுதான் காட்டுல இருந்து வர்ற பெரிய காசு. வருஷத்த சராசரி பண்ணா காடு மாசம் ஒன்பதாயிரம் தருது, செலவு குழந்தையோட 17 ஆயிரம். மிச்சம் லேப்டாப்பும் மில்லும். தற்சார்பு இல்ல இது. ஆனா இந்த ஊர்ல யாரு வீட்லயும் காடு மட்டும் சோறு போடல, மகன் மில்லுலயோ திருப்பூர்லயோ இருப்பான், அந்தக் கணக்குல பாத்தா இவங்க இப்பதான் ஊர்க்காரங்க மாதிரி வாழுறாங்க.

பன்னி பிரச்சனை தீரல. 2025 ஜனவரில அரசு உத்தரவு வந்துச்சு, காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வர்ற பன்னிய வனத்துறை சுடலாம், ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் புடிச்சு உள்ள விடணும், ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாதுன்னு. இவங்க காடு அந்த ஒரு கிலோமீட்டருக்குள்ள. ராக்காவல் முறைல இப்ப இவங்க பேரும் இருக்கு, அதுதான் வழி.

மறுபடி ஆரம்பிச்சா என்ன மாத்துவாங்க

அவங்ககிட்டயே கேட்டேன், ரெண்டு பேரும் வேற வேற பதில் சொன்னாங்க. பொண்ணு சொன்னது, நிலம் வாங்குறத ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டு முதல்ல ஊருக்குள்ள வாடகைக்கு இருந்து, ஒத்திக்கோ, விளைச்சல்ல பங்கு குடுக்குற வாரத்துக்கோ அரை ஏக்கர் எடுத்து செஞ்சு பாத்திருப்போம், ஒரு கோடைய பாத்திருந்தாலே அந்தக் கிணத்தப் பத்தித் தெரிஞ்சிருக்கும்னு. பையன் இன்னும் நிலத்த முதல்ல வாங்குனத தப்புன்னு ஒத்துக்கல, இப்ப ஏக்கர் விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, கடவூர் காடு 2022ல தேவாங்கு சரணாலயம் ஆனதுல இருந்து புரோக்கருங்க அத சொல்லியே விக்கிறாங்க, அப்ப வாங்கலைன்னா எப்பவும் வாங்கிருக்க முடியாதுங்கறான். அதுலயும் உண்மை இருக்கு. ஆனா அவனும் போர் போட்டிருக்க மாட்டேன்னு சொல்றான்.

நான் சேக்குறது கொஞ்சம்தான். பத்திரத்துல கிணறு, பாதை, மின் இணைப்பு பத்தி வர்ற ஒவ்வொரு வரிக்கும் அடுத்த பக்கம் ஒரு ஆள் இருக்காரு, அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி அவரப் போய்ப் பாருங்க, புரோக்கர் இல்லாம. ஃப்ரெண்ட்ஸ் சேந்து வாங்குனா எல்லாரு பேரும் பத்திரத்துல இருக்கணும், ஒருத்தர் விலகுனா எப்படி மதிப்பு போடுறதுன்னு அன்னைக்கே எழுதிடணும். போர் போட்டே ஆகணும்னா கிணத்த விட்டுத் தள்ளி, கேசிங்க கெட்டிப் பாறை வரைக்கும் இறக்கி. கையில இருக்குறதுல நிலத்துக்கு பாதிக்கு மேல போட வேணாம், இவங்க 34ல 29 போட்டுட்டு மிச்சத்துலதான் போர், சோலார், வீடு, சாப்பாடு எல்லாம் ஓட்டுனாங்க, மூச்சு முட்டுனதுக்கு அதுவும் ஒரு காரணம்.

மண் வீடு அப்படியே மூணு சுவரோட நிக்குது, ஆட்டுப்பட்டிக்கு ஒதுக்கிருக்காங்க. காட்டுல வீடு கட்டணும்ங்கற எண்ணம் பையனுக்கு இன்னும் இருக்கு, பொண்ணு ஊருக்குள்ளயே வீடு கட்ட ஒரு நத்தம் மனை கிடைக்குமான்னு பாத்துக்கிட்டு இருக்கா. அடுத்த ஜூன்ல குழந்தைய பள்ளிக்கூடத்துல சேக்கணும், ஊர்ல இருக்குற அரசுப் பள்ளியா, பஸ் வர்ற பிரைவேட்டான்னு வீட்ல தினமும் பேச்சு நடக்குது, இன்னும் முடிவாகல.